குதிகால் நோவும் காயமும்: குடியானவர் அறிய வேண்டுவன

உழவு மாட்டின் குளம்பில் ஒரு சிறு கல் ஏறினாலும் அன்றைக்கே ஏரை அவிழ்த்து அதைக் கவனிக்கின்ற குடியானவர், தமது குதிகாலில் முள் ஏறினால் வேறொரு முள்ளால் கிளறி எடுத்துவிட்டு, அதே சேற்றில் மறுபடியும் இறங்கிவிடுகிறார். மாடு போனால் வேறு மாடு வாங்கலாம். கால் போனால் வாங்குவதற்கில்லை. நாற்று நடுதல், நீர் பாய்ச்சுதல், அறுவடை, களத்து வேலை ஆகிய அனைத்தும் நின்றும் நடந்தும் செய்ய வேண்டியவையாதலால், குடும்பத்தில் உழைப்பவரின் குதிகால் ஒன்று கெட்டால் அந்தப் பருவமே கெடுகிறது.

குதிகாலுக்கு நேரும் துன்பங்களைக் கிராம ஜனங்கள் பெரும்பாலும் நோவைக் கொண்டே அளவிடுகின்றனர். நோவு மிகுந்தால் அஞ்சி வைத்தியரைத் தேடுவதும், நோவு குறைந்தால் கவலையின்றி இருந்துவிடுவதும் வழக்கம். இந்த அளவுகோல் குதிகாலைப் பொறுத்தவரையில் செல்லாது. மிகுந்த நோவு தரும் சில துன்பங்கள் தாமாகவே ஆறக்கூடியவை. சிறிதே நோகும் சில காயங்கள் உயிரைப் போக்கக்கூடியவை. சற்றும் நோவாத சில நோய்கள் காலையே இழக்கச் செய்பவை. எது எவ்வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதே இதில் முதன்மையான காரியம்.

குதிகாலின் அமைப்பு

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியது குதிகால் எலும்பு. நடக்கும்போது பாதம் முதலில் தரையில் ஊன்றுவது இதன் மேலேயாம். இந்த அடியைத் தாங்கும்பொருட்டு எலும்பின் கீழே கொழுப்பாலான ஒரு மெத்தை அமைந்திருக்கிறது. அது உறுதியான நார்ச்சுவர்களால் சிறுசிறு அறைகளாய்ப் பிரிக்கப்பட்டிருப்பதால், உடலின் பாரம் அழுத்தும்போது பிதுங்கி ஓடாமல் நிற்கிறது. வயது ஏற ஏற இம்மெத்தை தன் துள்ளலை இழந்து மெலிகிறது.

குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்களின் அடிவரையில் கனத்த நார்ப்பட்டை ஒன்று வில்லின் நாணைப் போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளங்காலின் வளைவைத் தாங்குவதில் பெரும் பங்கு இதனுடையது. எலும்பின் பின்புறத்தில், கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு பிணைக்கும் பருத்த நாண் ஒன்று வந்து பொருந்துகிறது. இதைக் குதிகால் நரம்பு என்று ஜனங்கள் வழங்குவர். மனித உடலிலுள்ள நாண்கள் எல்லாவற்றிலும் பருமனானதும் வலியதும் இதுவே. இது அறுந்தால் முன்னங்காலை ஊன்றி எழும்ப இயலாது.

உள்ளங்காலின் தோல் உடலின் மற்றப் பாகங்களின் தோலைக் காட்டிலும் தடித்தது. அதில் வியர்வைச் சுரப்பிகள் மிகுதியாயிருப்பினும், எண்ணெய்ச் சுரப்பிகள் அறவே இல்லை. ஆகையால் அது எளிதில் வறண்டு வெடிக்கிறது.

நோவு மிகுதி, அபாயம் குறைவு: குதிவாதம்

காலையில் படுக்கையைவிட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் அடியில் ஆணி அடித்ததுபோல நோவு உண்டாவதும், பத்து இருபது அடி நடந்தபின் அது தணிவதும், நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதோ, நாள் முழுதும் நின்று உழைத்த பின்போ மறுபடியும் தோன்றுவதும் குதிவாதத்தின் அடையாளங்களாம். மேலே கூறிய நார்ப்பட்டை எலும்பில் பொருந்தும் இடத்தில் ஓயாத இழுப்பினால் தேய்ந்து நைந்துபோவதே இதற்குக் காரணம். கோடையில் வேலையின்றி இருந்துவிட்டுப் பருவம் தொடங்கியதும் ஒரேயடியாய் நாள் முழுதும் நிற்பவர்கள், சிமெண்டுக் களத்தில் வெறுங்காலுடன் நெடுநேரம் உழைப்பவர்கள், உடல் பருத்தவர்கள், கெண்டைக்கால் சதை இறுகியவர்கள் ஆகியோருக்கு இது மிகுதியாய் வருகிறது.

எக்ஸ்ரே படத்தில் குதிகால் எலும்பின் அடியில் முள்போன்ற ஒரு நீட்சி காணப்பட்டால், நோவுக்கு அதுவே காரணமென்றும், அதை அறுத்து நீக்கினாலன்றி நோவு தீராதென்றும் பலர் கலங்குகின்றனர். நோவே இல்லாத அநேகருடைய குதிகாலிலும் அத்தகைய நீட்சி இருப்பதுண்டு. ஆகவே படத்தைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை.

இந்நோவுக்குச் செலவில்லாத சிகிச்சையே சிறந்தது. காலையில் தரையில் கால் ஊன்றுமுன்னரே, ஒரு காலை மற்றொரு தொடையின்மேல் வைத்து, விரல்களைக் கையால் பற்றி முழங்காற்புறமாய்ப் பின்னுக்கு வளைத்து, உள்ளங்காலின் நார்ப்பட்டை விறைத்து நிற்கும்படி 10 எண்ணும்வரையில் பிடித்து விடவேண்டும். இவ்வாறு 10 முறை செய்வது ஒரு வேளைப் பயிற்சி. நாளொன்றுக்கு 3 வேளை செய்யவேண்டும். இதனோடு, சுவரில் இரு கைகளையும் ஊன்றி, நோகும் காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாதபடி முன்னே சாய்ந்து, கெண்டைச்சதை இழுபடுமாறு 30 எண்ணும்வரையில் நிற்பதும் நன்மை தரும். ஒரு வாரம் செய்து பயன் காணவில்லையென்று விட்டுவிடுதல் கூடாது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் குறையத் தொடங்கி ஓர் ஆண்டுக்குள் நோவு அடங்கிவிடுகிறது.

வீட்டிற்குள்ளும் மெத்தென்ற அடிப்பாகமுடைய செருப்பை அணிதல், நிற்கும் வேலையையும் உட்கார்ந்து செய்யும் வேலையையும் மாற்றி மாற்றிச் செய்தல், மாலையில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் குதிகாலில் வைத்தல் ஆகியனவும் உதவும். கடைகளில் தாமாகவே மாத்திரை வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு செய்யும். வெயிலில் வியர்த்து உழைப்பவர்களுக்கு இக்கேடு அதிகம். குதிகாலில் ஊசி போட்டுக்கொண்டால் நோவு விரைவில் தணியுமாயினும், அதை அடிக்கடி போட்டுக்கொள்வதால் நார்ப்பட்டை அறுந்துபோவதும் கொழுப்பு மெத்தை கரைவதும் உண்டு.

செங்கல்லைச் சூடாக்கி அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி மிதிக்கும் வழக்கம் கிராமங்களில் உள்ளது. இளஞ்சூடு சிறிது ஆறுதல் தரலாம். ஆனால் நீரிழிவுடையவர்களும் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் இதை ஒருபோதும் செய்யலாகாது. சூடு தெரியாமல் வெந்து, அந்தப் புண்ணே பெரும் தீங்காய் முடியும்.

இரவில் படுத்திருக்கும்போதும் ஓயாத நோவு, குதிகாலில் வீக்கமும் சூடும், காய்ச்சல், இளம் வயதினருக்கு இரு குதிகால்களிலும் நோவோடு விடியற்காலையில் இடுப்பு விறைத்தல் ஆகியவை இருக்குமாயின் அது வெறும் குதிவாதம் அன்று. உடனே டாக்டரிடம் காட்டவேண்டும்.

பித்தவெடிப்பு

பித்தத்தினால் வருவதென்று கருதி இதற்கு இப்பெயர் இட்டனரேனும், வறட்சியும் பாரமுமே இதற்கு முக்கிய காரணங்கள். நெடுநேரம் நீரிலும் சேற்றிலும் ஊறிய தோல், கரையேறி வெயிலில் காயும்போது தன் ஈரப்பசையை இழந்து தடித்து விறைக்கிறது. உடலின் பாரத்தால் கொழுப்பு மெத்தை பக்கவாட்டில் விரியும்போது, விறைத்த தோல் உடன் விரிய இயலாமல் குதிகாலின் ஓரத்தில் பிளக்கிறது. மார்கழி, தை மாதங்களின் வறண்ட காற்றில் இது மிகும்.

மாலையில் வேலை முடிந்தபின் வெதுவெதுப்பான நீரில் 15 நிமிஷம் காலை ஊறவைத்து, சொரசொரப்பான கல்லால் மெதுவாய்த் தேய்த்து, ஈரம் உலர்வதற்குள் வாசலினையோ தேங்காயெண்ணெயையோ தடவி, பருத்திக் காலுறை அணிந்து படுத்தால் சில வாரங்களில் தோல் மிருதுவாகும். பிளேடாலும் கத்தியாலும் சீவுவது தவறு. யூரியா கலந்த களிம்பை டாக்டர்கள் எழுதித் தருவதுண்டு. அது தக்க அளவில் சுத்தமாய்ச் செய்யப்பட்டது. பெயர் ஒன்றாயிருப்பதால் வயலுக்கு இடும் யூரியாவைக் குழைத்துத் தடவலாம் என்று எவரும் எண்ணுதல் கூடாது.

வெடிப்பு தன்னளவில் சிறு துன்பமே. ஆயினும் அது உடலுக்குள் செல்லும் ஒரு திறந்த வாசல். வயலிலும் வாய்க்காலிலும் எலிகளின் சிறுநீர் கலந்த நீரில் வாழும் கிருமிகள் இத்தகைய வெடிப்பு வழியாய் நுழைந்து எலிக்காய்ச்சலை உண்டாக்குகின்றன. நடவுக் காலத்தில் சேற்றில் வேலை செய்தவருக்குக் கடுங்காய்ச்சலும், கெண்டைச்சதையில் தொடமுடியாத நோவும், கண் சிவத்தலும் தோன்றுமாயின், வயலில் இறங்கிய விவரத்தைச் சொல்லி உடனே சிகிச்சை பெறவேண்டும். மஞ்சள் காமாலையென்று எண்ணிப் பத்தியமிருந்து நாளைக் கழித்தால் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே அபாயம் நேரும்.

நோவு குறைவு, அபாயம் மிகுதி: முள்ளும் ஆணியும்

நெருஞ்சி, உடை, கருவேல், பனங்கருக்கு ஆகியன பண்டுதொட்டு நம் வரப்புகளில் உள்ளவை. இவற்றோடு 1877-ஆம் ஆண்டளவில் சென்னை மாகாணத்தில் விதைக்கப்பட்ட சீமைக் கருவேலும் சேர்ந்துகொண்டது. அதன் முள் தேய்ந்த செருப்பின் அடியைத் துளைத்துக் குதிகாலில் ஆழமாய் ஏறி, நுனி உள்ளேயே முறிந்து நிற்கும் இயல்புடையது. குத்திய இடத்தில் இரத்தம் ஒரு துளிதான் வரும். மேற்றோல் ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும். இதனாலேயே அது அற்பமென்று தோன்றுகிறது. உண்மையில், இரத்தம் பெருகி ஓடும் அகன்ற காயத்தைக் காட்டிலும், உடனே மூடிக்கொள்ளும் ஆழ்ந்த குத்துக்காயமே அஞ்சத்தக்கது.

காரணம் யாதெனில், ரணஜன்னி என்னும் டெட்டனஸ் நோயின் கிருமி காற்றில்லாத இடத்தில் செழிப்பது. அது வித்துருவில் மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் குதிரைச் சாணத்திலும் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். ஜெர்மனியில் நிக்கோலையர் என்பவர் 1884-இல் மண்ணிலிருந்து இந்நோய் உண்டாவதைக் கண்டறிந்தார். ஜப்பானியரான கிடசாட்டோ 1889-இல் அக்கிருமியைத் தனியே பிரித்தெடுத்தார். எருவிட்ட வயலில் நடப்பவருடைய காலில் ஏறும் ஒவ்வொரு முள்ளும் இவ்வித்தைச் சுமந்து செல்லக்கூடும்.

காயம் பட்டு 3 நாள் முதல் 21 நாளுக்குள், பெரும்பாலும் முள் குத்தியதே மறந்துபோன பின்பு, நோய் வெளிப்படுகிறது. முதலில் வாயைத் திறக்க இயலாமல் தாடை இறுகும். பின்னர் விழுங்குதல் கடினமாகும். கழுத்தும் முதுகும் விறைக்கும். சிறு ஓசையும் வெளிச்சமும் பட்டவுடன் உடல் வில்லாய் வளையும். பெரிய ஆஸ்பத்திரிகளில் சேர்த்தும் உயிர் பிழைக்காதவர் பலர். ஒருமுறை இந்நோய் வந்து பிழைத்தவருக்கும் அதனால் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை; அவரும் தடுப்பூசி போட்டுக்கொண்டே தீரவேண்டும்.

தடுப்பூசியைப் பற்றி இரு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. 6 மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமென்பது ஒன்று. காயம் பட்டு ஒரு நாள் கடந்துவிட்டால் போடுவதில் பயனில்லை என்பது மற்றொன்று. முறைப்படி முதல் 3 ஊசிகளையும் பெற்றவருக்கு, மண்ணோ சாணமோ பட்ட காயமாயின் கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகள் ஆகியிருந்தாலும், சுத்தமான சிறு காயமாயின் 10 ஆண்டுகள் ஆகியிருந்தாலும், ஓர் ஊசி வேண்டும், அதற்குள்ளாயின் வேண்டுவதில்லை. ஊசி விரைவில் போடுவதே நலம். தாமதமாயினும் போடாமல் விடுதல் கூடாது. முன்பு ஒருபோதும் போட்டுக்கொள்ளாதவர் முதல் ஊசிக்கு 4 வாரம் கழித்து இரண்டாவதும், அதன்பின் 6 மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் மூன்றாவதும் பெறவேண்டும். அத்தகையவருக்குக் காயம் ஆழ்ந்தும் அழுக்கடைந்தும் இருந்தால், விஷத்தை உடனே முறிக்கும் வேறொரு மருந்தையும் டாக்டர் சேர்த்துக் கொடுப்பார்.

இந்தியாவில் 2019 முதல், பழைய டெட்டனஸ் ஊசிக்குப் பதிலாய்த் தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் ஊசி அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் வழங்கப்படுகிறது. இங்கே விசேஷமாய்க் கவனிக்க வேண்டியவர்கள் வயது முதிர்ந்த ஆடவர்கள். குழந்தைகளுக்கான விரிந்த தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் தொடங்கியது 1978-இல். பெண்கள் கர்ப்ப காலத்திலேனும் ஊசி பெற்றிருப்பர். அதற்குமுன் பிறந்த ஆடவர் பலர் முறையான முதல் 3 ஊசிகளையே பெறாதவர்கள். வரப்பில் முள் மிதிப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே.

முள் குத்தியவுடன் செய்ய வேண்டுவது இது: வயல்நீரால் கழுவாமல், சுத்தமான நீரும் சோப்பும் கொண்டு 5 நிமிஷமாவது நன்றாய்க் கழுவவேண்டும். முள்ளின் முனை வெளியே தெரிந்தால், கொதிநீரில் போட்டெடுத்த சிறு இடுக்கியால், அது ஏறிய திசையிலேயே நேராய் இழுத்து எடுக்கவேண்டும். உள்ளே முறிந்திருப்பின் கிளறலாகாது, ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்ளவேண்டும். சாணம், மண், சுண்ணாம்பு, புகையிலை, எஞ்சின் எண்ணெய் ஆகியவற்றை அப்புவது கிருமியை நாமே உள்ளே செலுத்துவதற்கு ஒப்பாகும். முள் தானே வெளிவருமென்று எருக்கம்பால் வைப்பதும் தோலைப் புண்ணாக்கும். குத்திய இடம் 2, 3 நாளுக்குப் பின்பும் சிவந்து வீங்கி நோகுமாயின், உள்ளே முள்ளேனும் சீழேனும் தங்கியிருக்கிறதென்று அறியவேண்டும்.

இருளில் வரப்பின்மேல் நடக்கையில் குதிகாலில் சுருக்கென்று பட்டதை முள்ளென்றே முடிவுகட்டுதல் ஆகாது. விளக்கைக் கொண்டு பார்க்கவேண்டும். முள் காணப்படாமல் வீக்கமோ, இரத்தக் கசிவோ, கண் இமை சொருகுதலோ தோன்றினால் பாம்புக்கடியென்று கருதி, கட்டுப் போடாமலும் கீறாமலும், நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

நோவே இல்லை, கால் போகிறது: மதுரைப் பாதம்

மதுரையில் வைத்தியராயிருந்த கில் என்பவர் 1842-இல், பாதம் வீங்கிப் பல துவாரங்கள் உண்டாகி உருவழியும் ஒரு நோயை அங்குள்ள ஜனங்களிடம் கண்டு எழுதிவைத்தார். அதனால் உலகெங்கும் வைத்திய நூல்களில் இதற்கு மதுரைப் பாதம் என்னும் பெயர் நிலைத்தது. பின்னர் பம்பாயில் கார்ட்டர் என்பவர் இதை விரிவாய் ஆராய்ந்து, பூஞ்சணத்தால் உண்டாவதென்று விளக்கினார். பூஞ்சணத்தாலும், வேறொரு வகை நுண்கிருமியாலும் என இருவகையில் இது வருமென்பது இப்போது தெளிவாகியுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் வரிசையில் சேர்த்தது.

மண்ணிலும் முள்ளிலும் உள்ள அக்கிருமி வெறுங்காலில் குத்துக்காயத்தின் வழியாய் ஏறுகிறது. மாதங்கள், ஆண்டுகள் கழித்து அவ்விடத்தில் கெட்டியான கட்டி ஒன்று எழும். அது நோவதில்லை. ஆகையால் குடியானவர் அதைப் பொருட்படுத்தாமல் உழைத்துக்கொண்டேயிருப்பார். பின்பு அது உடைந்து பல துவாரங்களாகி, சீழோடு கறுப்போ வெள்ளையோ சிவப்போ ஆன நொய்போன்ற மணிகள் வெளிவரும். இறுதியில் எலும்பையும் அரித்துவிடும். கட்டியாய் இருக்கும்போதே காட்டினால் மருந்தாலும் சிறு அறுவையாலும் காலைக் காக்கலாம். எலும்பு அரித்தபின் காலையே எடுக்க நேர்வதுண்டு. மருந்தைப் பல மாதங்கள் விடாமல் உட்கொள்ள வேண்டியிருக்கும். காலில் நோவில்லாத கட்டியைக் காண்பவர் அதை நல்ல அடையாளமாய்க் கொள்ளாமல், டாக்டரிடம் செல்லுதற்குரிய காரணமாய்க் கொள்ளவேண்டும்.

உணர்ச்சியற்ற கால்

நோவு என்பது உடலுக்கு அமைந்த காவலாள். அக்காவல் நீங்கினால் என்னாகும் என்பதை விளக்கியவர் டாக்டர் பால் பிராண்டு. 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளரின் கைகால்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை என்றும், நோவு தெரியாமையால் அவர்கள் மீண்டும் மீண்டும் காயப்படுவதே சிதைவுக்குக் காரணமென்றும் காட்டினார். இன்று இதே நிலை நீரிழிவினால் வருகிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று மதிப்பிட்டது. இது நகரத்தார் நோயென்று இருந்த காலம் போய்விட்டது.

நடக்கும்போது செருப்பு கழன்று பின்னே விழுந்ததும் தெரியாமல் செல்பவர், தம் காலில் உணர்ச்சி குறைந்துவிட்டதென்று உணரவேண்டும். அத்தகையவர் ஒருபோதும் வெறுங்காலுடன் நடக்கலாகாது. செருப்பை அணியுமுன் உள்ளே கல்லும் முள்ளும் உண்டோ என்று கையால் தடவிப் பார்க்கவேண்டும். இரவில் படுக்குமுன், உள்ளங்காலையும் குதிகாலையும் கண்ணாடியைத் தரையில் வைத்தோ, வீட்டிலுள்ள மற்றொருவரைக் கொண்டோ பார்க்கவேண்டும். கொப்புளமோ வெடிப்போ கருநிறமோ காணப்பட்டால், நோவில்லையேயென்று ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

வீழ்ச்சியும் வெட்டும்

பனை, தென்னை முதலிய மரங்களிலிருந்தும் கிணற்றுச் சுவரிலிருந்தும் விழுபவர் குதிகால் ஊன்றி விழுந்தால், உடலின் பாரம் முழுதும் அதன்மேல் இறங்கிக் குதிகால் எலும்பு முட்டை ஓடுபோல நொறுங்கும். அதே அதிர்ச்சி முதுகெலும்பு வரையில் ஏறி அங்கும் முறிவை உண்டாக்கக்கூடும். குதிகால் நோவு பெரிதாயிருப்பதால் முதுகு நோவை அவர் சொல்லாமல் இருப்பதுண்டு. ஆகையால் உயரத்திலிருந்து விழுந்தவரைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவதும், இருவர் கை, கால்களைப் பிடித்துச் சுமப்பதும் பெருந்தவறு. அசையாமல் கிடத்தி, 108 வண்டியை வருவித்து, பலகையின்மேல் ஏற்றவேண்டும். எண்ணெய் பூசி உருவுவதும், மூங்கிற்பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவதும் கூடாது. இறுகிய கட்டினால் இரத்த ஓட்டம் நின்று விரல்கள் நீலம் பாரித்துக் குளிர்ந்து மரத்துப்போகும். அவ்வாறு கண்டால் உடனே கட்டைத் தளர்த்தவேண்டும்.

அறுவடையில் பக்கத்து ஆளின் அரிவாளாலும், உழவில் கொழுவாலும் குதிகாலின் பின்புறம் வெட்டுப்படுவதுண்டு. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் இரத்தம் நிற்கும். அத்துடன் காரியம் முடிந்ததென்று எண்ணலாகாது. காயம்பட்டவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச்சதையைக் கையால் பிசைந்தால் பாதம் கீழ்நோக்கி அசையவேண்டும். அசையவில்லையாயின் குதிகால் நரம்பு அறுந்துவிட்டது. வெட்டுக் காயமின்றியே, வரப்பைத் தாண்டும்போது பின்னாலிருந்து எவரோ உதைத்ததுபோலத் தோன்றிக் கால் தளர்ந்தாலும் இதே சோதனையைச் செய்யலாம். அறுந்த முனைகள் மேலே சுருங்கிக்கொள்ளுமாதலால், சில நாளுக்குள் சிகிச்சை பெறுபவருக்குக் கால் நன்றாய்க் கூடும்; மாதக்கணக்கில் தாமதித்தவருக்கு அது கடினமாகும்.

நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

சேற்று வயலில் செருப்புடன் வேலை செய்வது இயலாத காரியம். ஆயினும் காயங்களில் பல வயலுக்குள் நேராமல், வீட்டிலிருந்து வயலுக்குச் செல்லும் பாதையிலும் களத்திலும் நேருகின்றன. வரப்பு முனைவரையில் செருப்புடன் சென்று, அங்கே கழற்றிவிட்டு இறங்கி, கரையேறியதும் கழுவித் துடைத்து அணிவது அனைவர்க்கும் கூடும். முள்மரம் வெட்டும் வேலைக்குக் கனத்த அடியுள்ள பாதரட்சையும், வாய்க்கால் தூர்வாருதற்கு ரப்பர் பூட்ஸும் நிலமுடையவர் வாங்கித் தரவேண்டும். பம்புசெட்டு அறையில் சோப்பு, சுத்தமான துணி, இடுக்கி, அயோடின் மருந்து ஆகியவற்றை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருத்தல் நலம். ஓர் ஆளின் ஒரு நாள் கூலிக்கும் இதன் விலை மிகுதிப்படாது.

வெட்டிய சீமைக் கருவேல் கிளைகளை வண்டிப் பாதையின் வழியே இழுத்துச் செல்வதால் முட்கள் முறிந்து பாதை நெடுகச் சிதறுகின்றன. அவற்றைக் கட்டாய்க் கட்டி வண்டியில் ஏற்றவேண்டும். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடித்துவிட்டுப் புட்டிகளை உடைத்துப் போடுவோரால் விளையும் தீங்கு எல்லாக் கிராமத்தாரும் அறிந்ததே. ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் நடவுக்கு முன்னர் ஒருமுறையும் அறுவடைக்கு முன்னர் ஒருமுறையும் பொதுப்பாதைகளைச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்தல் வேண்டும்.

பருவம் தொடங்குமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தாருடன் கலந்து, வயது வந்த ஆடவர், பெண்டிர் அனைவருக்கும் டெட்டனஸ் தடுப்பூசி போடவும், ஊசி போட்ட தேதியை ஒவ்வொருவருக்கும் சீட்டில் எழுதித் தரவும் ஏற்பாடு செய்தால், காயம் பட்ட நாளில் தடுமாற்றம் இராது. அச்சமயத்திலேயே நீரிழிவுச் சோதனையும் செய்துவிடலாம். மரம் ஏறுவோரைப் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்திலும், தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டிலும் பதிவு செய்விப்பதும் கிராமப் பெரியோரின் கடமையாகும்.

கூலிக்கு வந்த ஆள் முள் குத்தியதென்று சொன்னால், அதைச் சாக்கென்று தள்ளாமல் அரை நாள் விடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது நிலமுடையவருக்கு நஷ்டமன்று. முதல் அடியில் சுரீரென்று நோகும் குதிவாதத்துக்குப் பொறுமையும் பயிற்சியும் போதும். சிறு முள்ளுக்கு அன்றே சோப்பும் நீரும் தடுப்பூசியும் வேண்டும். நோவாத கட்டிக்கும் மரத்த காலுக்கும் தாமதமின்றி டாக்டர் வேண்டும். இம்மூன்றையும் வீட்டிலுள்ளோரும் வேலையாட்களும் அறிந்திருக்கச் செய்தால், ஒவ்வொரு பருவத்திலும் வீணாய்க் கெடும் கால்கள் பல காக்கப்படும்.